வாரத்துக்கு ஒரு நாள் தானே!

பிள்ளை ஏன் இன்று பள்ளிக்கூடம் போகவில்லை என்று வினவினால், நம் மக்களிடமிருந்து வரும் மறுமொழி பெரும்பாலும் ஒரே தன்மையதாகவே இருக்கின்றது. "வாரத்துக்கு ஒரு நாள் தானே, அதனால் என்ன குடி முழுகிப் போகின்றது?" என்பதே அம்மறுமொழி. தோட்டத்தில் வெங்காயம் நடுகை. கச்சான் பிடுங்குவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் ஒருவருமில்லை. ஊரிலே கோயில் திருவிழா. மாமன் வீட்டிலே கலியாணம். காரணங்களுக்குக் குறைவில்லை. அவற்றுட் பல உண்மையான காரணங்களே என்பதையும் நாம் மறுக்க வரவில்லை. ஆயினும், அந்த "ஒரு நாள் தானே" என்ற சொல்லை எடுத்துத் தராசிலே வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

நமது பாடசாலைகள் ஓராண்டில் ஏறக்குறைய 200 நாட்கள் நடைபெறுகின்றன. வாரத்துக்கு ஒரு நாள் நிற்கும் பிள்ளை ஆண்டொன்றுக்கு 40 நாட்களை இழக்கின்றது. முதலாந் தரந் தொட்டுக் க.பொ.த. சாதாரண தரம் வரையுள்ள 11 ஆண்டுகளையுங் கூட்டினால் 440 நாட்கள். அதாவது, இரண்டு முழு ஆண்டுகளுக்கும் அதிகமான படிப்பு. பதினோராண்டு படித்தவன் என்று பெயர் பெற்ற பிள்ளை மெய்யாகப் படித்தது ஒன்பதாண்டுக்கும் குறைவே. எந்தத் தகப்பனாவது தன் மகனை இரண்டாண்டுக்குப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவதாக ஒருநாள் மாலை அறிவித்தால், ஊரே திரண்டு வந்து அவனைக் கண்டிக்கும். அதையே நாட்கணக்காகப் பிரித்துச் செய்தால் கண்டிப்பார் எவருமிலர்.

இதிலே இன்னுமொரு நுட்பமும் உண்டு. பாடசாலை மூலம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவனுக்கு 80 சதவீத வரவு வேண்டும் என்பது விதி. வாரத்தில் ஒரு நாள் தவறாது நிற்பவன் மிகச் சரியாக அந்த 80 சதவீதத்திலேயே வந்து நிற்கிறான்! இடாப்பு அவனைக் குற்றஞ் சொல்லாது. அதிபரும் பெற்றாரைக் கூப்பிட்டனுப்பமாட்டார். விதியின் கண்ணுக்கு அவன் ஒழுங்கான மாணவன். நாம் அஞ்சுவது மாதக் கணக்காகக் காணாமற் போகும் பிள்ளையைப் பற்றி மட்டுமன்று. அவனைத் தேடிச் செல்ல யாரேனும் ஒருவர் இருப்பார். எவர் கண்ணிலும் படாமல் இங்கொரு நாளும் அங்கொரு நாளுமாகக் கரைந்து போகும் பிள்ளையைப் பற்றியே நாம் இன்று அதிகமாகக் கவலை கொள்கிறோம்.

கமக்காரப் பெருமக்களுக்கு இதனை விளக்க நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நெல்லுக்குக் குடலைப் பருவத்திலே நீர் தவறினால் என்ன நேருமென்பது அவர்களுக்குத் தெரியும். பின்னர் வாய்க்கால் நிறைய இரண்டு மடங்கு நீர் பாய்ச்சினாலும் பதராய்ப் போன கதிர் மீண்டும் மணியாவதில்லை. பிள்ளையின் படிப்பும் அத்தகையதே. செவ்வாய்க்கிழமை பின்னங்களைக் கூட்டும் முறையை ஆசிரியர் கற்பிக்கிறார். பிள்ளை அன்று வெங்காயப் பாத்தியிலே நிற்கிறது. புதன்கிழமை ஆசிரியர் அதன்மேல் அடுத்த படியை வைக்கிறார். பிள்ளை வந்திருக்கிறது, ஆனால் ஏறுவதற்குப் படியில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவனுக்காக நேற்றைய பாடத்தை மீண்டும் நடத்த ஆசிரியரால் இயலாது. விளங்கவில்லை என்று எழுந்து சொல்லப் பிள்ளைக்கு வெட்கம். வெட்கம் சில நாட்களில் அச்சமாகிறது. கணக்குப் பாடம் உள்ள நாளிலே வயிற்றுவலி வருகிறது. முதலிலே தகப்பன் நிறுத்திய பிள்ளை பிறகு தானாகவே நிற்கத் தொடங்குகிறது. எட்டாந் தரத்தில் அல்லது ஒன்பதாந் தரத்தில், "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்ற தீர்ப்பு வழங்கப்படுகின்றது. ஏறாமற் போனது படிப்பா, அல்லது ஏறுவதற்குரிய படிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டவர்கள் நாமா என்று எவரும் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 1939-ம் ஆண்டின் 31-ம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் கட்டாயமாகப் பாடசாலை செல்ல வேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் 1998-ம் ஆண்டு தொடக்கம் நடைமுறைக்கு வந்தன. 2016-ம் ஆண்டில் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. இலவசக் கல்வி 1945-ம் ஆண்டில் வந்தது; இலவசப் பாடநூல்கள் 1980-ம் ஆண்டிலும், இலவசச் சீருடைத் துணி 1993-ம் ஆண்டிலும் வந்தன. கல்விக் கட்டளைச் சட்டம் பிறந்து கட்டாய வரவு விதி உயிர் பெறுவதற்கு ஏறக்குறைய அறுபதாண்டு சென்றது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கதவைத் திறந்து வைப்பதிலே காட்டிய விரைவை, உள்ளே வராதவன் ஏன் வரவில்லை என்று பார்ப்பதிலே இந்நாட்டு அரசுகள் காட்டவில்லை.

நாமோ, கல்வியே நமது முதுசொம் என்று மேடைதோறும் பெருமை பேசி வருகிறோம். 1823-ம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் எழுந்த செமினரியையும், 1848-ம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே தொடக்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையையும் எடுத்துக் கூறாத கல்வி விழா நம்மிடையே இல்லை. அப்பெருமை நியாயமானதே. ஆனால் அப்பெருமையின் மறுபக்கத்தையும் புரட்டிப் பார்க்கும் நேர்மை வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு ஒரே வாங்கிலே அமரலாம் என்ற சம ஆசன ஏற்பாட்டை 1930-ம் ஆண்டையொட்டிய காலத்திலே யாழ்ப்பாணத்தில் எதிர்த்தவர்களும் நம்மவரே; அந்த எதிர்ப்பிலே தீக்கிரையான பள்ளிக்கூடங்களும் உண்டு. யாருடைய பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பதைக் கவனியாதிருக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. இன்றும் ஓர் ஊரின் இடாப்பைப் புரட்டினால், நிற்கும் பிள்ளைகளுட் பெரும்பாலார் காணியற்ற கூலியாளரின் பிள்ளைகளாகவே இருப்பர். நாம் இதனைக் கண்டும் காணாதவர்போல் நடக்கிறோம்.

போர்க்காலத்தை நினைவுகூர்வோர் இன்னும் நம்மிடையே பல்லாயிரவர். மின்சாரமின்றி, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடாயிருந்த 1990-களிலே, சாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டு எரித்த விளக்கின் முன்னிருந்து படித்து மருத்துவபீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் சென்ற பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். 1995-ம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வின் பின்னர் மரநிழல்களிலே வகுப்புகள் நடந்தன. 2009-ம் ஆண்டிலே செட்டிக்குளத்து முகாம்களில், முட்கம்பிக்குள்ளே, கூடாரங்களின் நடுவிலும் ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். குண்டுவீச்சின் கீழும் நிற்காத படிப்பு இன்று ஒரு கலியாண வீட்டுக்காக நிற்கிறது என்றால், அதனை எப்படி விளக்குவது? போர் நம்மிடமிருந்து பறித்தவற்றுட் பலவற்றுக்கு நாம் பிறரைக் குற்றஞ் சாட்டுகிறோம், சாட்டவும் வேண்டும். இந்த ஒன்றுக்கு அவ்வாறு விரல் நீட்டுதற்கு இடமில்லை.

2020-ம் ஆண்டு பங்குனி மாதத்திலே கொள்ளைநோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக 2021-ம் ஆண்டின் பெரும்பகுதி கழிந்தது. கைபேசி உள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ கேட்டது. ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீட்டிலும், சமிக்ஞை கிடையாத வன்னிக் கிராமங்களிலும் அதுவும் இல்லை. அதற்கிடையில் 2021-ம் ஆண்டின் இரசாயன உரத் தடையினாலே கமக்காரனின் விளைச்சல் வீழ்ந்தது. 2022-ம் ஆண்டிலே எரிபொருளின்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. உணவின்றிக் காலைக் கூட்டத்திலே மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பற்றிய செய்திகளும் வந்தன. இவ்வாறு தொடர்ந்து வந்த அடிகளால் ஏற்பட்ட பெருந்தீங்கு பாடங்கள் தவறியமை மட்டுமன்று. நாள்தோறும் காலையிலே பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் என்ற வழக்கமே பல வீடுகளிலே அறுந்து போயிற்று. பள்ளிக்கூடம் போவதும் போகாமலிருப்பதும் அன்றன்று தீர்மானிக்கும் காரியமாகிவிட்டது. அறுந்த அந்த நூல் இன்னும் முற்றாக முடியப்படவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

கமக்காரரிடம் நாம் பேச வேண்டியது ஒன்றுண்டு. காலபோக அருவி வெட்டும் ஆண்டின் தொடக்கத் தவணையும் ஒன்றோடொன்று மோதுவது நெடுங்காலத் துன்பம். இன்று வயலிலே அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. முன்போலப் பிள்ளைகள் கதிர் பொறுக்கவும் சூடு காவல் செய்யவும் வேண்டியதில்லை. ஆயினும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கச்சானுக்கும் இன்னும் கைகள் வேண்டும். மாட்டுக்கும் குரங்குக்கும் காவல் வேண்டும். கூலி கொடுக்க வகையில்லாத சிறு கமக்காரன் தன் பிள்ளையின் கைகளையே எண்ணிக்கொள்கிறான். அவனைக் கண்டித்து எழுதுவது எமக்கு எளிது. பத்திரிகைக் காரியாலயத்திலே வெங்காயம் அழுகுவதில்லை. ஆனால் அவனிடமே ஒன்று கேட்கிறோம். நாளொன்றுக்கு ஒரு கூலியாளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறாய். உன் பிள்ளையும் உன்னைப்போலவே கூலிக்கு ஆள் பிடிக்க வகையற்றவனாக வேண்டுமென்றா விரும்புகிறாய்? வருங்காலத்துக் கமமும் எழுத்தறியாதவனுக்கு இடங்கொடாது. கிருமிநாசினிப் போத்தலின் சுற்றுத்தாளிலே எழுதியிருக்கும் அளவை வாசிக்கவும், வங்கிக் கடனின் வட்டியைக் கணக்கிடவும், தரகன் சொல்லும் விலையைச் சந்தை விலையோடு ஒப்பிடவும் தெரியாத கமக்காரன் நிலத்துக்கு உடையவனாயிருந்தும் பிறருக்கு அடிமையே.

வீட்டிலே மூத்தவளாய்ப் பிறந்த பெண்பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தாய் கூலி வேலைக்கோ மத்திய கிழக்கு நாடுகளுக்கோ போய்விட்டால், பன்னிரண்டு வயதிலே அவளே தாயாகிறாள். தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் நிற்கிறாள். போதிய நீரும் ஒதுக்கமான மலசலகூடமும் இல்லாத பாடசாலைகளிலே, வளர்ந்த பெண்பிள்ளைகள் மாதந்தோறும் சில நாட்கள் வராமலிருப்பதைப் பற்றி அதிபர்களும் பேசுவதில்லை, பெற்றாரும் பேசுவதில்லை. பேசக் கூசும் விடயமென்று நாம் ஒதுக்கிவைப்பதன் விலையை அப்பிள்ளைகளே செலுத்துகிறார்கள்.

இனி, படித்த உத்தியோகத்தரின் பக்கம் திரும்புவோம். இவ்வளவு நேரமும் தலையாட்டிக்கொண்டு வாசித்த வைத்தியரும் சட்டத்தரணியும் பொறியியலாளரும் சற்று நிமிர்ந்திருப்பார்களாக. உங்கள் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவில்லை! ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் ஒரு மாதம். உயர்தரப் பரீட்சை நெருங்கினால் பல மாதங்கள். கமக்காரனின் பிள்ளை தோட்டத்திலே நிற்கிறது. உங்கள் பிள்ளை தனியார் கல்வி நிலையத்தின் கொட்டகையிலே இருக்கிறது. வேற்றுமை அவ்வளவே. பாடசாலையில் ஒன்றும் நடப்பதில்லை, ஆதலால் அனுப்புவதில்லை என்கிறீர்கள். பிள்ளைகள் வராத வகுப்பிலே என்ன நடக்கும்? ஐந்து பேர் இருக்கும் அறையில் ஆசிரியருக்கும் ஊக்கமில்லை. அந்த ஐவரும் யார்? தனியார் நிலையத்துக்குப் பணங் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். உங்கள் பிள்ளை எழுந்து போகும்போது தன் இடத்தை மட்டும் வெறுமையாக்கவில்லை. அங்கே எஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளையின் படிப்பையும் வெறுமையாக்கிவிட்டே போகிறது. ஊரிலே வாக்குள்ளவர்களின் பிள்ளைகள் நாள்தோறும் வரும் பாடசாலையில், ஆசிரியர் குறைந்தால் மறுநாளே வலயக் கல்விக் காரியாலயத்திற் கேள்வி எழும். அவர்கள் வராத பாடசாலைக்காகக் குரல் கொடுப்பார் யார்?

பல்கலைக்கழக அனுமதியிலே 1970-களில் புகுத்தப்பட்ட தரப்படுத்தலை எதிர்த்து இச்சமூகம் கொதித்தெழுந்தது. அது நியாயமான கொதிப்பு. வெளியிலிருந்து ஒருவன் நம் பிள்ளையின் இடத்தைப் பறித்தால் பொறுக்கோம் என்றோம். பறிப்பாரில்லாமலே நாம் கைவிடும் இடங்களை யார் கணக்கெடுப்பது?

மலைநாட்டுத் தமிழரை மறந்து இப்பொருளை எழுதுவது நேர்மையாகாது. தோட்டத்துப் பள்ளிகள் நெடுங்காலம் துரைமாரின் தயவிலே, ஒற்றை அறையில், ஓராசிரியரோடு நடந்தவை. 1970-களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அதுவரை பள்ளிக்கு வராத மலைநாட்டுப் பிள்ளைகளுட் பலர் எங்கே இருந்தனர் என்று தேடினால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நம் படித்த வீடுகளின் அடுக்களைகளிலே இருந்தனர். தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, அதே வயதுள்ள பிள்ளையைக் கொண்டு தேங்காய் திருவுவித்த வீடுகள் நம்மிடையே சிலவல்ல. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021-ம் ஆண்டிலே 16 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. சட்டம் அடுக்களைக் கதவைத் தட்டுமுன்னர் அவ்வீட்டார் தம் மனச்சான்று தட்டுவதைக் கேட்டிருக்கலாம்.

பெற்றாரை மட்டுங் கடிந்துகொண்டு அரசையும் பாடசாலையையும் தப்பவிடுவதற்கும் நாம் ஆயத்தமாயில்லை. பிள்ளை ஐந்து மைல் கடந்து வந்தபோது ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றிருந்தால், அடுத்த நாள் அப்பிள்ளை எதற்காக வரவேண்டும்? கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு நியமனம் பெற்ற கையோடு நகரத்துக்கு மாற்றம் தேடும் ஆசிரியரும், அதற்குக் கடிதங் கொடுக்கும் அரசியல்வாதியும் இப்பழியிலே பங்காளிகள். பருவச்சீட்டோடு நிற்கும் பிள்ளைகளைக் கண்டதும் வேகத்தைக் கூட்டும் பேருந்துச் சாரதியும் பங்காளியே. அமைச்சரோ பிரமுகரோ வருகிறார் என்று பிள்ளைகளை மாலையோடும் கொடியோடும் வெயிலிலே தெருவோரம் நிறுத்தி வைக்கும் வழக்கத்தைப் பற்றி என்ன சொல்வது! அந்த நாளிலும் இடாப்பிலே வரவு பதியப்படுகின்றது. பாடம் மட்டும் இல்லை. கல்வியின் மேன்மையைப் பற்றிப் பிரமுகர் ஆற்றும் உரையை, அதனால் வகுப்பை இழந்த பிள்ளைகளே கேட்டுக் கைதட்டுகிறார்கள்.

வயிற்றுப் பசிக்கும் வரவுக்குமுள்ள உறவு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. தமிழ்நாட்டிலே 1956-ம் ஆண்டில் காமராசர் ஆட்சி மதிய உணவைப் பள்ளிகளிலே பரவலாக்கிற்று. 1982-ம் ஆண்டில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ம் ஆண்டிலே காலை உணவும் சேர்ந்தது. சோறு போட்டுப் பிள்ளையை அழைப்பதா என்று அன்று ஏளனஞ் செய்தவர்களும் இருந்தார்கள். அந்தச் சோற்றுக்கு வந்த பிள்ளைகள் எழுத்தோடு வீடு திரும்பினார்கள். இந்நாட்டிலும் பாடசாலை உணவுத் திட்டம் உண்டு. ஆனால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் எந்நாளும் கிடைப்பதில்லை. சமைப்பவர்க்குக் காசு காலத்துக்குக் கொடுபடாமையால் தடைப்பட்ட சமையலைப் பற்றி அதிபர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதிலும் பார்க்க இதுவே முந்திய கடமை என்று வட, கிழக்கு மாகாண நிர்வாகங்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

கிராமங்கள் அரசுக்காகக் காத்திராமலே செய்யக்கூடிய காரியமும் ஒன்றுண்டு. போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. விதைப்புக்கு இன்ன திகதி, நீர் திறப்பதற்கு இன்ன திகதி, கால்நடைகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்துவதற்கு இன்ன திகதி என்று அங்கே முடிவெடுக்கிறார்கள். ஊரார் கூடி எடுத்த முடிவாதலால் அதனை மீறுவதற்கு எவரும் துணிவதில்லை. மாட்டை எங்கே நிறுத்துவதென்று முடிவு செய்யும் அக்கூட்டம், பிள்ளையை எங்கே நிறுத்துவதென்றும் ஏன் முடிவு செய்யலாகாது? பாடசாலை நேரத்திலே பள்ளி வயதுப் பிள்ளை எவருடைய தோட்டத்திலும் வேலை செய்தலாகாது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளட்டும். ஆள் தட்டுப்பாடான வாரத்திலே ஒருவருக்கொருவர் கைமாறாக உழைக்கும் பழைய முறையை மீண்டும் ஏற்படுத்தட்டும். கைக்குழந்தைகளை முறைவைத்துப் பார்க்க இரண்டு தாய்மாரைச் சனசமூக நிலையம் ஒழுங்கு செய்யட்டும். சட்டத்தின்படி கிராம சேவையாளர் பிரிவுதோறும் இருக்க வேண்டிய பாடசாலை வரவுக் குழு தத்தம் ஊரில் உயிரோடிருக்கிறதா என்பதை, ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் சென்று விசாரிக்கட்டும்.

காலபோகத்துக்கான கூட்டங்கள் மழைக்கு முன்னர் கூடும். அவ்வவ்வூர்ப் பாடசாலை அதிபரையும் அங்கே அழையுங்கள். கடந்த அருவி வெட்டு மாதங்களின் வரவு இடாப்பைக் கையோடு கொண்டுவரும்படி கேளுங்கள். அதனை மேசைமேல் விரித்து, யார் யார் வீட்டுப் பிள்ளைகள் எந்தெந்த நாட்களில் வரவில்லை என்பதை ஊர்ப் பெரியவர்கள் தம் கண்ணாலே பார்க்கட்டும். இதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை.